கச்சான் காற்றில் ஐந்து மைல்

தூத்துக்குடியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது உப்பு. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து அரைத்தூக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். விழித்தபோது ரோட்டின் இருபுறமும் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். விடிந்தும் விடியாத நேரம். நிலா இன்னும் போகவில்லை. பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் துண்டு துண்டாகக் கிடந்தது.

பக்கத்திலிருந்த அம்மாளிடம், "இது என்ன இடம்?" என்று கேட்டேன்.

"உப்பளம்லா? இங்கன இதுதான் வயலு" என்றாள் அவள். என் பேச்சை வைத்து, "கொழும்பா?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டியதும் முந்தானையிலிருந்து இரண்டு வறுத்த முந்திரிப்பருப்பை எடுத்து என் கையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

நான் கொழும்பில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. அக்கா பிலோமினா கலியாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து பல வருஷம் கழித்து அப்போதுதான் முதல் பிள்ளை பிறந்திருந்தது, பெண்பிள்ளை. ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று அக்காவுக்குப் பிடிவாதம். அந்தக் காலத்தில் நேரே போகிற பயணிகள் கப்பல் நின்றுபோயிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு ஒரு நாளெல்லாம் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

பெட்டியில் பிள்ளைக்கு வாங்கிய சட்டைகளுக்கு அடியில் என் கான்வாஸ் சப்பாத்தும் இருந்தது. எங்கே போனாலும் அது என்னோடு வரும். கொழும்பில் விடியற்காலையில் கடற்கரை ரோட்டில் ஓடுவேன். தம்பி சைக்கிளில் அளந்து கொடுத்த ஐந்து மைல். அதை அரைமணிக்குள் ஓடிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நெருங்கி நெருங்கிப் போவேன். ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. பெண்களுக்கு அவ்வளவு தூரம் பந்தயம் வைக்கிறவர்கள் யாரும் இல்லை. தனியாக ஓடுகிறவளுக்குக் கடைசி மைலில் தன்னிடமே சலுகை கேட்கத் தோன்றிவிடும். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் கால்கள் என்னை வேகமாகக் கொண்டுபோகுமா, மெதுவாக்குமா என்ற கேள்வி அடிக்கடி வந்துபோனது.

முதல் இரண்டு நாளும் சாப்பாட்டிலேயே போயின. கொழும்பில் அப்போது அரிசிக்குத் தட்டுப்பாடு. பாணுக்கு விடியுமுன் வரிசை. இங்கே அக்கா சோற்றைக் குவித்து, அதன்மேல் சீலா மீன் குழம்பை ஊற்றி, "சாப்பிடு, மெலிஞ்சு போயிட்டே" என்றாள். காலையில் தெருமுனைக் கடையில் போய் "பாண் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்து, "எந்தப் பானை, தாயி? மண்பானையா?" என்றார். ரொட்டி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். சாயந்திரம் அத்தான் எண்ணெயில் பொரித்த பரோட்டாவும், காகிதப் பையில் மக்ரூனும் வாங்கி வருவார். வாயில் போட்டால் மக்ரூன் முதலில் நொறுங்கும், பிறகு முந்திரி மணத்தை மட்டும் விட்டுவிட்டுக் காணாமல் போய்விடும். சாப்பிட்டேனா, கனவு கண்டேனா என்று தெரியாமல் அடுத்ததை எடுப்பேன்.

சேவியர் அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை, இறங்குகிற சரக்கைச் சரிபார்ப்பது. உயரம், ஒல்லி, அதிகம் பேசமாட்டார். இரண்டாம் நாள் சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார். மாதா கோயில் திருவிழாவை ஒட்டி வருஷா வருஷம் வாலிபர் சங்கம் ஒரு பந்தயம் நடத்தும். கடற்கரை ரோட்டில் தொடங்கித் தெற்கே உப்பளங்களுக்கு நடுவே போய்த் திரும்பி வரவேண்டும். ஐந்து மைல்.

கையில் எடுத்த சோற்றை நான் அப்படியே வைத்துவிட்டேன்.

"அரைமணி ஆனதும் மணி அடிச்சிருவாங்க" என்றார் அத்தான். "அதுக்கு முன்னால வாரவனுக்குத் தோளுல ஒரு துண்டு போட்டு மைக்குல பேரு வாசிப்பாங்க. பெறவு வாரவனுக்கு ஒரு கிளாஸ் மோரு."

"இவரு மோர்தான் குடிச்சிட்டு வாராரு, ஒவ்வொரு வருஷமும்" என்றாள் அக்கா. பல வருஷத்தில் அவள் பேச்சும் இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டிருந்தது.

அத்தான் சிரிக்கவில்லை. தூளியில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, "இந்த வருஷம் எம்மக பாக்க வருவா" என்றார்.

மறுநாள் விடியலில் நான் உப்பள ரோட்டில் தனியாக ஓடிப் பார்த்தேன். ரோடு கோடு கிழித்தமாதிரி நேரே போனது. இடமும் வலமும் தண்ணீர்ப் பாத்திகள். அவற்றில் வானம் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. எது மேல், எது கீழ் என்று தெரியாமல் நடுவில் ஓடுகிறமாதிரி இருந்தது. தலையில் உப்புக் கூடையோடு வரிசையாக வந்த பெண்கள் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"ஏளா, யாரு ஒன்னத் தொரத்துதா?" என்று ஒருத்தி சத்தம் போட்டாள்.

"ஒருத்தருமில்லை!"

"பெறவு எதுக்குளா ஓடுதே?"

கையை ஆட்டிவிட்டு ஓடினேன். வெகுதூரம் போனபிறகும் அவர்கள் சிரிப்பு தண்ணீர் மேல் வந்துகொண்டிருந்தது.

அன்று பகலில் அத்தானும் நானும் ஆலந்தலையில் இருக்கும் அவருடைய அக்காவை ஞானஸ்நானத்துக்கு அழைக்கப் போனோம். திரும்பும்போது, ஊருக்கு இரண்டு மூன்று மைல் இருக்கையில், எங்கள் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்தார். ஆவி வந்தது. கண்டக்டர் உப்பளத்துப் பக்கம் வாளியோடு போனார். "ஏலே, உப்புத்தண்ணிய ஊத்திராதலே!" என்று டிரைவர் அலற, பயணிகளில் பாதிப்பேர் நிழலைத் தேடி இறங்கினார்கள். நிழல் எங்கும் இல்லை.

அத்தானுக்குச் சாயந்திர ஷிப்டு இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் வேகமா நடந்து போயிருதேன். நீ பஸ்ஸு கெளம்பினதும் வா" என்றார்.

"நானும் வாறன் அத்தான்."

"நடந்துருவியா?"

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். சேலையை இழுத்துச் செருகினேன். அத்தான் வேகமாக நடந்தார். நான் ஒட்டி நடந்தேன். அவர் மெல்ல ஓடத் தொடங்கினார், நானும் ஓடினேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். நானும் கூட்டினேன். அனல் ரோட்டிலிருந்து எழுந்து நெளிந்துகொண்டிருந்தது. தூரத்தில் கோயில் கோபுரம் காலில்லாமல் மிதந்தது. முதல் வீடுகள் வந்தபோது அவர் நின்று, முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அப்போதுதான் எங்கள் பஸ் ஹாரன் அடித்தபடி கடந்து போனது. உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"நீ சும்மா ஓடுதவ இல்ல" என்றார் அத்தான்.

அரைமணி ஆசையை அங்கேயே, தெருவில் நின்று, அவரிடம் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஷிப்டுக்கு நேரமாகிறது என்பதை இருவரும் மறந்துவிட்டிருந்தோம்.

மறுநாள் அவரே என்னைச் சங்கச் செயலாளரிடம் கூட்டிப்போனார். அவர் பெயர் செல்வராஜ் அண்ணாச்சி, கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். கடைக்குள் ஏறியதும் கருப்பட்டி மணம் மூக்கை நிறைத்தது. அவர் எனக்கு ஸ்டூல் போட்டார், கலர் சோடா வாங்கிவரச் சொன்னார், விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைச் சொறிந்தார்.

"பொம்பளப் புள்ளைகளுக்கு எலுமிச்சம்பழமும் கரண்டியும் வச்சிருக்கோமே தாயி. நல்ல எவர்சில்வர் டப்பா பரிசு."

"எனக்கு டப்பா வேண்டாம் அண்ணாச்சி. ஓடினால் போதும்."

"ஆம்பளைக முண்டியடிச்சு ஓடுவானுவ. விழுந்து கிழுந்து வச்சா? கொழும்புலேருந்து விருந்தா வந்த புள்ள."

அத்தான் குறுக்கிட்டார். "அண்ணாச்சி, இவ என்னய விட நல்லா ஓடுவா."

அண்ணாச்சி அத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கலர் வந்தது. நான் குடித்து முடிக்கிறவரை அவர் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பேரு எழுத முடியாது, அது சங்கத்துச் சட்டம்" என்றார். "ஆனா ரோடு சர்க்கார் ரோடு. எல்லாவனும் போய் முடிஞ்ச பெறவு நீங்க ஓடினா நான் எப்படித் தடுக்க?"

வீட்டில் அக்கா தையல் மிஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு அத்தானுடைய பழைய வெள்ளைக் கால்சட்டை ஒன்றை எனக்காகச் சுருக்கினாள். இடுப்பில் இரண்டு மடிப்பு, காலில் நான்கு விரல் வெட்டு. போட்டுக் காட்டியதும் இருவரும் சிரித்துச் சிரித்துப் பிள்ளையை எழுப்பிவிட்டோம்.

ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை. பாதிரியார் தலையில் தண்ணீர் விட்டபோது பிள்ளை அழவில்லை, உதட்டைச் சப்புக்கொட்டியது. என் கையில் அவள் ஒரு மக்ரூன் பை அளவுக்குத்தான் கனத்தாள். அவளுக்காக வாக்குறுதிகளை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் மனம் உப்பள ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மாதா மன்னிக்க வேண்டும்.

பந்தயம் மறுநாள் காலையில். வெயில் ஏறுவதற்கு முன்பே கச்சான் எழுந்துவிட்டது. கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து தரைப்பக்கமாக வீசுகிற அந்த மாதத்துக் காற்று. புழுதியைக் கொண்டுவரும், மீனவர்கள் வாயில் வசவை வரவழைக்கும். கடற்கரை ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு மேசை, அதன்மேல் பள்ளிக்கூடத்து வெண்கல மணி, மைக், துண்டுக் கட்டு. அத்தான் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். "இவ கெளம்புற நேரத்தையும் வாற நேரத்தையும் பாத்துக்க." பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்கா தலையாட்டினாள்.

ஆண்கள் போனார்கள். நாற்பது பேர் இருக்கும். புழுதி எழுந்து மறைத்தது. கடைசி ஆள் முனையிலிருந்த விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் அண்ணாச்சி என்னைப் பார்த்து, "இப்ப ரோடு சும்மா கெடக்கு தாயி" என்றார்.

போனேன்.

முதல் மைலில் கூட்டத்தின் குரல்தான் நினைவிருக்கிறது. "ஏலே, பொம்பளலே!" "கொழும்புக்காரிடே!" பிறகு வீடுகள் தீர்ந்தன. காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் தூரத்தில் ஆண்களின் வெள்ளைப் பனியன்கள் அனலில் அசைந்தன. தண்ணீரில் இறங்கிய கொக்குகள்மாதிரி. நான் ஓடுகிறேன் என்பதைவிட, அவை ஒவ்வொன்றாக என்னை நோக்கி நழுவி வருகின்றன என்றே தோன்றியது. ஒரு கொக்கு பக்கத்தில் வந்ததும் மனிதனாகும், திகைத்துப் பார்க்கும், பின்னால் போய்விடும். இத்தனை நாள் நான் தேடியது இதைத்தான் என்று புரிந்தது. முன்னால் ஒரு முதுகு. கொழும்புக் கடற்கரையில் எனக்கு முன்னால் யாரும் ஓடியதே இல்லை.

திருப்பத்தில் தார் டிரம் ஒன்றை வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்பியதும் உலகம் நிசப்தமானது. காற்று இப்போது முதுகில். அதன் வேகமும் என் வேகமும் ஒன்றானதால் காதில் ஒரு சத்தமும் இல்லை. என் மூச்சு கேட்டது. சப்பாத்தின் ஒலி எங்கோ யாரோ துணி துவைக்கிறமாதிரி கேட்டது. பாத்திகளில் வெயில் வெள்ளையாக எரிந்தது. உப்புப் பெண்கள் வரப்பில் நின்று கூடைகளைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்கள். அவர்கள் வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

கடைசி மைல் தொடங்கும் இடத்தில் அத்தானின் முதுகு வந்தது.

அந்த முதுகைத் தெரியும். பஸ் நின்ற அன்று அதை ஒட்டி ஓடியிருக்கிறேன். இப்போது பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தார். இதே வேகத்தில் போனால் மணிக்கு முன்னால் போய்விடலாம், இல்லை மயிரிழையில் தவறலாம். தூரத்தில் வீடுகள் தெரிந்தன. வீடுகளில் எல்லாரும் அவரைத் தெரிந்தவர்கள். கூட வேலை செய்கிறவர்கள், அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், கலியாணத்தில் சாப்பிட்டவர்கள். இத்தனை பேர் முன்னால் கொழுந்தியாள் அவரைத் தாண்டிப் போவதா? எனக்காகக் கருப்பட்டி மண்டியில் போய் நின்றவரை?

வேகத்தைக் குறைத்தேன். அவருக்குப் பின்னால் இரண்டு எட்டு இடைவெளியில் ஓடினேன். கால்கள் முன்னே போகச் சொல்லின, நான் பிடித்துவைத்தேன். ஒரு தந்திக் கம்பம் போனது. இன்னொன்று போனது.

அத்தான் திரும்பவில்லை. ஆனால் காலடி யாருடையது என்று தெரிந்துவிட்டிருந்தது.

"போளா" என்றார், மூச்சுக்கு நடுவில். "பின்னால நின்னு என்னக் கொல்லாத."

"சேர்ந்து போவம் அத்தான். வாங்க."

பக்கத்தில் வந்தேன். அவரும் முயன்றார். சில எட்டுகள் இருவரும் தோளோடு தோளாக ஓடினோம். பிறகு அவர் மூச்சு உடைவது கேட்டது. அவர் கையை முன்னால் வீசினார், கோழியை விரட்டுகிறமாதிரி. "போ!"

போனேன். அதற்குப்பின் எதையும் நான் நினைக்கவில்லை. கடற்கரை ரோடு, தோணிகளின் பாய்மரங்கள், சனம், சுண்ணாம்புக் கோடு எல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளையாக வந்தன. கோட்டைத் தாண்டி யாரோ ஒருவர் மேல் மோதி நின்றேன். அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நடுவில் பிள்ளை நசுங்கி அழுதது.

"எவ்வளவு அக்கா?"

அக்கா கையில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நான் எங்க பாத்தேன்? ஒன்னையில்லா பாத்துக்கிட்டு நின்னேன்."

அந்த நேரத்தில்தான் மணி அடித்தது.

ஆண்கள் கிளம்பியதிலிருந்து அரைமணி. நானோ அவர்கள் எல்லாரும் போனபிறகு கிளம்பியவள்; கோட்டையும் தாண்டி நிற்கிறேன். எத்தனை நிமிஷம், எத்தனை நொடி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அரைமணிக்கு உள்ளே என்பது மட்டும் அந்த மணி ஓசை அளவுக்குத் திட்டவட்டம். ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

அத்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். கூப்பிடுகிற தூரம்தான். மணியைக் கேட்டதும் அவர் முகத்தில் ஏதோ அணைந்தது. ஆனால் நிற்கவில்லை, நடக்கவில்லை. கடைசிவரை முழு வேகத்தில் வந்து கோட்டை மிதித்தார்.

அண்ணாச்சி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பாதி வழியில் நின்றார். "பேரு எழுதலியே தாயி" என்று சங்கடத்தோடு துண்டை மடித்தார். சங்கத்துப் பையன்கள் எங்களுக்கு மோர் கொண்டுவந்தார்கள். அத்தானும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடித்தோம். இருவர் தோளிலும் துண்டில்லை. கூட்டத்தில் ஒருவன், "என்ன சேவியரு, கொழுந்தியா புழுதியத்தான் தின்னியாக்கும்!" என்றான். சிரிப்பு எழுந்தது. அத்தான் கிளாஸை வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று சாயந்திரம் மக்ரூன் பை வரவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டார். குசினியில் அக்காவோடு பாத்திரம் துடைத்துக்கொண்டே, "நான் பின்னாலேயே வந்திருக்கலாம்" என்றேன்.

"வந்திருந்தா ரெண்டு பேருக்கும் மணி அடிச்சிருக்கும்" என்றாள் அக்கா. "அவரு அத மன்னிச்சிருக்க மாட்டாரு."

மறுநாள் விடியலில் நான் கிளம்ப வேண்டும். அத்தான் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் ஸ்டாண்டு வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவெல்லாம் கடல் மூட்டம். விளக்குகள் பஞ்சுக்குள் வைத்தமாதிரி இருந்தன. பஸ்ஸின் பின்னாலிருந்த ஏணியில் ஏறிப் பெட்டியைக் கூரையில் வைத்துக் கயிறு கட்டினார். கண்டக்டர் அவருக்குப் பழக்கம்போல. கீழிருந்து அண்ணாந்து, "யாருண்ணே இது? கொழும்புச் சொந்தமா?" என்று கேட்டான்.

அத்தான் முடிச்சை இறுக்கினார். ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கையைத் தட்டிக்கொண்டார். பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் விழித்துப் பார்க்கிற குரலில் சொன்னார்:

"நேத்து எனக்கு முன்னால வந்தவ."